எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் மோவானா: ஒரு பாட்டின் மேல் தீராத வருத்தம்

டிஸ்னியின் 'மோவானா' அனிமேஷன் படத்தின் வட்டு விலை குறைந்திருக்கிறது, ஐந்து வயது மகளுக்கு வாங்கலாமா என்று தோழி ஒருத்தி சென்ற வாரம் கேட்டாள். 2017இல் நாங்கள் வாங்கிய ப்ளூரே வட்டு கீறல்களோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது நான்கு வயதாக இருந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு. அவளிடமிருந்து அந்த வட்டைச் சொத்தாகப் பெற்றுக்கொண்ட தம்பிக்கு ஆறு. அடுக்களையில் நின்றபடி ஒரு வசனத்தைக் கேட்டாலே படம் முடிய இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிடும் அளவுக்கு அது எனக்குப் பழகிவிட்டது. கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்: பசிபிக் தீவு ஒன்றின் தலைவருடைய மகள் மோவானா, தன் தீவைக் காக்க, மாவுயி என்ற அரைத்தெய்வத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, டே ஃபிட்டி தெய்வத்திடமிருந்து திருடப்பட்ட இதயத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடல் கடந்து போகிறாள்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தமான ஒன்றைக் கண்டுகொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. அவள் பிறந்த மோட்டுநூயித் தீவில் ஒருவர்கூட மோவானாவிடம் "நீ பெண், உன்னால் தலைமை ஏற்க முடியாது" என்று சொல்வதில்லை. தந்தை அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு தலைவரும் ஒரு கல்லை வைத்து உயர்த்திய அடுக்கைக் காட்டி, உன் கல்லும் ஒருநாள் இதன்மேல் ஏறும் என்கிறார். பவளத்திட்டைத் தாண்டிப் போகாதே என்பது ஒன்றே அவர் விதிக்கும் தடை. அதற்கும் காரணம், இளமையில் நண்பனைக் கடலுக்குப் பறிகொடுத்த அச்சம். பெண்ணாலும் முடியும் என்று காட்ட வரும் பெரும்பாலான குழந்தைப் படங்கள், முடியாது என்ற சொல்லை முதலில் குழந்தையின் காதில் போட்டுவிட்டு, அதன்பிறகே அதை மறுக்கத் தொடங்குகின்றன. என் மகள் அந்தச் சொல்லை இந்தப் படத்திலிருந்து கற்கவில்லை என்பதை ஒரு பெரிய நன்மையாகவே கருதுகிறேன். இதே இயக்குநர்கள், ரான் கிளெமென்ட்ஸும் ஜான் மஸ்கரும், 1989இல் எடுத்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் நாயகி ஓர் ஆணுக்காகத் தன் குரலையே விலையாகக் கொடுத்தாள், படமும் திருமணத்தில் முடிந்தது. 2016இல் வந்த மோவானாவுக்குக் காதலனும் இல்லை, மணமேடையும் இல்லை. அவை இல்லாத குறையை எங்கள் வீட்டில் எவரும் உணர்ந்ததும் இல்லை. எரிமலை அரக்கியை வெட்டி வீழ்த்தாமல், நீ யார் என்று எனக்குத் தெரியும் என்று மோவானா அவளை நோக்கி நடந்து செல்லும் உச்சக்காட்சியில் இன்றும் என் கண் கலங்குகிறது.

இத்தனை நன்றியோடு இருக்கும் என்னை எட்டு ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருப்பது, அரைத்தெய்வமான மாவுயி அறிமுகமாகும்போது பாடும் பாட்டு. லின்-மேனுவல் மிராண்டா எழுதிய அந்தப் பாட்டு துள்ளலானது. வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். வானத்தை உயர்த்தினேன், நெருப்பைக் கொண்டுவந்தேன், சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்தேன், கடலிலிருந்து தீவுகளை இழுத்தேன், விலாங்கைக் கொன்று புதைத்துத் தென்னையை முளைக்கவைத்தேன், எல்லாம் உங்களுக்காகத்தான் என்று அவன் அடுக்குகிறான். பாட்டை எத்தனையோ முறை கேட்டபிறகு, மாவுயியைத் தங்கள் தொன்மக் கதைகளில் கொண்ட பசிபிக் தீவு மக்களிடையே இவை எப்படிச் சொல்லப்படுகின்றன என்று தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து அதை அமைதியாகக் கேட்க முடியவில்லை.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் சொல்லும் கதையில் நெருப்பு மஹுயிகா என்ற மூதாட்டித் தெய்வத்தினுடையது. அவள் தன் நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாவுயியிடம் கொடுக்கிறாள். நெருப்பு அந்த நகங்களில்தான் இருக்கிறது. தீவை இழுத்த தூண்டில் முள், அவனுடைய பாட்டி முரி ரங்கா ஃபெனுவாவின் தாடையெலும்பு. ஹவாய்க் கதையில் அவன் சூரியனைப் பிடிக்க ஹலேயகலா மலைக்கு ஏறுவதே, மரப்பட்டையை அடித்துத் தாய் ஹினா செய்த கபா துணி, பகல் விரைந்து முடிந்துவிடுவதால் காயாமல் போகிறது என்பதற்காகத்தான். பாட்டிலோ சூரியனைப் பிடித்தது நீங்கள் விளையாடிக் களிக்க. சமோவாவில் சொல்லப்படும் கதையில், சாகும் விலாங்கு தன் தலையைப் புதைக்கும்படி சினா என்ற பெண்ணிடம்தான் வேண்டுகிறது. அவள் புதைத்த இடத்தில்தான் தென்னை முளைக்கிறது. நகம் கொடுத்தவளும், எலும்பு கொடுத்தவளும், துணி உலர்த்தியவளும், தலையைப் புதைத்தவளும் இருந்த இடத்தில் பாட்டு முடியும்போது ஓர் ஆண் மட்டும் நிற்கிறான். சமோவாவின் சினாவும் ஹவாயின் ஹினாவும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். படத்தில் அந்தப் பெயர் மோவானாவின் தாய்க்குத் தரப்பட்டிருக்கிறது. மகள் கிளம்பும் இரவில் அவள் ஒரு சொல்லும் பேசாமல் மூட்டை கட்டிக் கொடுக்கிறாள். ஹினா என்ற தெய்வம் படத்தில் இல்லாததை, படம் வந்த ஆண்டிலேயே டோங்கா மானிடவியலாளர் டெவிடா காயிலி குறையாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

நாயகி பெண்ணாக இருந்தால் போதும் என்று நாம் நிறைவடைந்துவிடுகிறோம். அவளைச் சுற்றி யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. படகு கரையை விட்டபின் மோவானாவுடன் பேசுவோர் மாவுயியும் ஒரு நண்டும்தான். பாட்டி ஆவியாக ஒருமுறை வருகிறாள். அந்த எரிமலை அரக்கியின் உருவிலிருந்து மீட்கப்பட்ட டே ஃபிட்டி தெய்வமோ புன்னகைப்பதோடு சரி, வாயே திறப்பதில்லை. 1998இல் வந்த 'முலான்' படத்தின் உரையாடலில் ஏறத்தாழ 77 விழுக்காடு ஆண் பாத்திரங்களுடையது என்று மொழியியலாளர்கள் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் இருவரும் எண்ணிச் சொன்னார்கள். போர்வீராங்கனையின் பெயரைத் தாங்கிய படத்தின் நிலை அது.

நியாயமாகவும் பேச வேண்டும். மாவுயியின் கதை தீவுக்குத் தீவு மாறுகிறது. எந்தப் படமும் அத்தனையையும் சுமக்க முடியாது. தயாரித்தவர்கள் தீவுகளின் பண்பாட்டு அறிஞர்களைக் கொண்ட ஒரு குழுவைக் கலந்தார்கள். மாவுயியின் பழுப்புத் தோலையும் பச்சைக்குத்தலையும் உடுப்பாகத் தைத்து விற்க முற்பட்டபோது எதிர்ப்பு எழ, 2016 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மறு ஆண்டு படம் மவோரி மொழியில் வந்தது. தந்தைக்கும் பாட்டிக்கும் ஆங்கிலத்தில் குரல் கொடுத்த டெமுவேரா மாரிசனும் ரேச்சல் ஹவுஸும் அதிலும் பேசினார்கள். ஒரு பெரிய வணிகப் படம் ஒரு சிறுபான்மை மொழியின் பிள்ளைகளைத் தேடிச் சென்றது எளிய செயல் அன்று. இவற்றையெல்லாம் எண்ணி, அந்தப் பாட்டை மன்னித்துவிட்டதாகவே போன மாதம்வரை நினைத்திருந்தேன்.

ஆனால் சென்ற ஞாயிறு என் மகன் தன் பாட்டியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "மாவுயியோட அம்மாவுக்கு அவன வேணாமாம் பாட்டி, பொறந்த உடனே கடல்ல தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. படம் சொல்வது அதைத்தான். மவோரிக் கதையில் தாய் தரங்கா, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை இறந்துவிட்டதென்று எண்ணி, தன் கூந்தலை அரிந்து அதில் அவனைப் பொதிந்து கடலில் விடுகிறாள். பின்னாளில் அவன் திரும்பி வந்து நிற்கும்போது மகனென்று ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் கூந்தலின் நினைவாகத்தான் அவனுக்கு மாவுயி-டிகிடிகி-ஆ-தரங்கா, தரங்காவின் கொண்டையிலிருந்து வந்தவன், என்ற முழுப்பெயரே அமைந்தது. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தாயின் துயரத்தை, பிள்ளை பிடிக்காமல் வீசியெறிந்த பெற்றோரின் கதையாக்கியதற்கு நேரப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. கூந்தலைக் காட்ட எத்தனை நொடி ஆகும்? ஓர் ஆணின் பெருமையடிக்கும் குணத்துக்கு ஒரு காயம் தேவைப்பட்டது. அந்தக் காயத்துக்கு ஒரு தாயைக் குற்றவாளியாக்கினார்கள். எங்கோ ஒரு தீவில் இன்றும் தரங்காவைத் தன் மூதாதை என்று சொல்லும் ஒரு பெண், தன் பிள்ளையோடு அமர்ந்து இந்தக் காட்சியைப் பார்த்திருப்பாள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

வாங்க வேண்டாம் என்று தோழிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மலையுச்சியின் கல்லடுக்கைப் பற்றியும் உச்சக்காட்சியைப் பற்றியும் மேலே எழுதியவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. போன மாதம் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கு என்றிருப்பேன். தரங்காவின் கூந்தல் கதையை மகனுக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். கடலில் தூக்கிப் போட்ட கதைதான் இன்னும் அவன் நினைவில் முதலில் வருகிறது. அது மாறும்வரை என் பதில் இதுதான்.