லேயர் கோப்பைக் கேட்டால், முதலில் மீதிப் பணத்தைக் கேளுங்கள்

சென்ற வாரம், ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டுத் தனியாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், தமக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி என் கருத்தைக் கேட்டார். "பிரிண்டர் வெயிட் பண்றார் தம்பி, லேயரோட அனுப்பிடுங்க, பேமென்ட் திங்கட்கிழமை போட்டுடலாம்" என்றிருந்தது. கணினியில் வரையும் படத்தில் கோடு, வண்ணம், உருவம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்திருக்கும் அடுக்குகளைத்தான் லேயர் என்கிறோம். ஏறத்தாழ இதே சொற்களை 2023-இல் நம்பி, 48 படங்களையும் 54,000 ரூபாயையும் இழந்தவன் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

பதிப்பகங்களுக்கு நூல் வடிவமைத்துத் தரும் இடைநிலை நிறுவனம் ஒன்று, சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றுக்குப் படம் வரைய என்னை அணுகியது. படம் ஒன்றுக்கு 1,500 ரூபாய் வீதம் 48 படங்களுக்கு 72,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். முன்பணமாக 20,000 ரூபாயும், மீதி 52,000 ரூபாய் இறுதிப் படங்களை ஒப்படைக்கும்போதும் என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்றுதான் சொல்ல முடியும், ஏனெனில் அதற்குச் சான்றாக என்னிடம் இருந்தது 40 வினாடி நீளமுள்ள ஒரு குரல்பதிவு மட்டுமே. முன்பணத்தில் டிடிஎஸ் என்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 18,000 ரூபாய் அனுப்பினார்கள். வரி பிடிக்கிறார்களே, ஒழுங்கான நிறுவனமாகத்தான் இருக்கும் என்று அன்று நான் நிம்மதி அடைந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பென்சில் நிலையிலேயே எல்லாப் படங்களும் ஒப்புதல் பெற்றன. வண்ணம் தீட்டி, அச்சுக்கு ஏற்ற 300 டிபிஐ தெளிவில், ஒற்றை அடுக்காக்கிய பிரதிகளை அனுப்பியபோதும் பாராட்டே வந்தது. அதன்பின் ஓர் இரவு 11 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, சிவகாசியில் சோதனை அச்சு ஓட்டப்போவதாகவும், அங்கே வண்ணத்தைச் சரிசெய்ய லேயர்கள் கலையாத மூலக் கோப்புகள் வேண்டுமென்றும், மறுநாள் காலைக்குள் தராவிட்டால் மெஷின் வேறு வேலைக்குப் போய்விடுமென்றும் பதறினார்கள். ஏறத்தாழ 9 ஜிபி. விடிய விடிய ஏற்றினேன். உண்மையில் அச்சுக்கு ஒற்றை அடுக்குக் கோப்பே போதும். லேயர் தேவைப்படுவது, படத்திலிருந்து ஓர் உருவத்தைப் பெயர்த்தெடுக்கவும், நிறத்தை மாற்றவும், மூலையில் இருக்கும் கையொப்பத்தை அழிக்கவும் நினைப்பவருக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து, முகங்கள் வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றும், திட்டம் கைவிடப்பட்டது என்றும், கொடுத்த முன்பணத்தோடு கணக்கு தீர்ந்தது என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதுவரை 'தம்பி'யாக இருந்த நான் அந்த மின்னஞ்சலில் 'சார்' ஆகியிருந்தேன்.

2024 ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில் அந்த நூலைப் பார்த்தேன். பாவாடைகளின் நிறம் மாறியிருந்தது, சில பக்கங்களில் படம் இடவலம் திருப்பப்பட்டிருந்தது, ஓவியர் பெயர் எங்குமில்லை. ஆனால் நான்காம் கதையில் வரும் பாட்டிக்கு ஒரு காதில் பாம்படமும் மறு காதில் வெறும் தொங்கு துளையும் இருந்தன. அது என் ஆச்சியின் காது. ஒற்றைப் பாம்படத்தை அடகு வைத்து என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர். வேறெந்த ஓவியருக்கும் அப்படி வரையக் காரணமே கிடையாது.

பதிப்பகத்தாரைச் சந்தித்தபோது, தாங்கள் அந்த நிறுவனத்துக்கு முழுத்தொகையும் செலுத்திவிட்டதாகக் கூறி ரசீதைக் காட்டினார்கள். படங்கள் அந்நிறுவனத்தின் சொந்த ஓவியர்கள் வரைந்தவை என்று எழுதிக்கொடுத்த கடிதமும் அவர்களிடம் இருந்தது. வழக்கறிஞர் மூலம் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிவிப்பு, முகவரியில் எவரும் இல்லை என்று திரும்பி வந்தது. வருமானவரித் தளத்தில், நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால், பிடித்த 2,000 ரூபாயும் என் பெயரில் கட்டப்படவில்லை. ஆக, நான் பெற்றது படத்துக்கு 375 ரூபாய்.

வரைந்தவனுக்கே உரிமை என்று நாமெல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்றும், பிரதிபலன் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆவார் என்றும், முன்பணம் வாங்கியதையே எதிர்தரப்பு அதற்கு ஆதாரமாகக் காட்டும் என்றும் வழக்கறிஞர் விளக்கினார். 'முழுத்தொகையும் கைக்கு வந்த பின்னரே உரிமை மாறும்' என்ற ஒரே வரியை மின்னஞ்சலில் எழுதி, அவர்களின் ஒப்புதலையும் வாங்கியிருந்தால் என் நிலை வேறாக இருந்திருக்கும். ஓவியர் தாம் வரைந்ததாக உரிமை கோருவதை 57-ஆம் பிரிவு தனியே காக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியதால், மறுபதிப்பில் என் பெயரைச் சேர்ப்பதாகப் பதிப்பகத்தார் ஒப்புக்கொண்டார்கள்.

பண நிலுவைக்கு வேறொரு வழி இருந்திருக்கிறது, அதையும் நான் தவறவிட்டேன். சிறுதொழில்களைப் பதியும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்திருப்பவருக்கு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வேலை வாங்கியவர் 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் 3 மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். மாநில அளவில் இதற்கென உள்ள மன்றத்தில் முறையிடலாம். வேலையை ஒப்படைத்த பிறகு பதிந்துகொண்டு பழைய நிலுவைக்குப் போனால் அந்தக் கதவு திறப்பது கடினம் என்றார்கள். பதிவுக்குக் கட்டணமே இல்லை. செய்து தருகிறோம் என்று 1,500, 2,000 கேட்கும் முகவர்களிடம் போக வேண்டாம்.

இப்போது நான் பார்வைக்கு அனுப்புவது, திரையில் பார்க்க மட்டும் போதுமான 72 டிபிஐ பிரதியே, அதிலும் குறுக்கே என் பெயர் ஓடும். பெரிய கோப்பு பணம் வந்த பிறகு போகும். லேயர் கோப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. இதனால் இரண்டு மூன்று வேலைகள் கைநழுவிப் போயின என்பதையும் மறைக்கவில்லை.

அந்த இளைஞரிடம், மறுக்கவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம், மீதித்தொகை வந்த ஐந்தாவது நிமிடம் அனுப்புகிறேன் என்று மட்டும் பதில் எழுதச் சொன்னேன். எழுதினார். இரண்டு நீல டிக் விழுந்தன. அச்சகத்தார் காத்திருப்பதாகச் சொன்னவரிடமிருந்து நான்கு நாளாகியும் பதில் இல்லை.