கல் சானாவா, அகச்சிவப்பு சானாவா?
வீட்டில் சானா, அதாவது உட்கார்ந்து வியர்க்கும் சூடான அறை, வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மின் இணைப்பைத்தான். கற்களைச் சூடாக்கும் ஹீட்டர் பெரும்பாலும் 6 கிலோவாட் அளவுக்கு இழுக்கும், அதற்குத் தனி லைனும் பிரேக்கரும் வேண்டும், எலக்ட்ரீஷியன் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஒருவர் உட்காரும் அகச்சிவப்புப் பெட்டி பெரும்பாலும் சாதாரண பிளக்கிலேயே ஓடிவிடும்.

சூடும் வேறு மாதிரி. கல் சானாவில் காற்றே 70 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை போகும், கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழுந்து உடம்பை அப்படியே சூழ்ந்துகொள்ளும். அகச்சிவப்பில் 45 முதல் 60 டிகிரிதான், கதிர்கள் நேராக உடம்பைச் சூடாக்கும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கடும் வெப்பத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இது வசதி, சரி. ஆனால் அடிக்கடி சானா போகிறவர்களிடம் இதய நோய் மரணங்கள் குறைவு என்று 2015-இல் வந்த பின்லாந்து ஆய்வு கல் சானாவைப் பற்றியது, அதை அகச்சிவப்பு விளம்பரத்தில் ஒட்டுவது நியாயமே இல்லை.

அப்புறம், பக்கத்தில் குளிர்நீர்த் தொட்டியும் வைப்பதாக இருந்தால் கல் சானாவையே வாங்குங்கள்; நன்றாகச் சூடேறிய உடம்போடு 10–15 டிகிரி தண்ணீரில் இறங்கும் சுகமே தனி. இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.