தண்டுவட நீரில் லாக்டேட்டா, குளுக்கோஸா?

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ காய்ச்சல் என்றால் முதலில் தெருமுனை கிளினிக்தான். அது மூளைக்காய்ச்சலாக (மூளை உறையில் தொற்று) இருந்து, கழுத்து விறைத்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருவதற்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்தாலும் கிருமி வளராமல் போகலாம். அப்போது காரணம் பாக்டீரியாவா வைரஸா என்று அறிய, அந்த நீரின் செல் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க குளுக்கோஸ், லாக்டேட் (சர்க்கரை சிதையும்போது உண்டாகும் பொருள்) இரண்டும் உதவும்.

குளுக்கோஸ் மலிவு, எந்த லேபிலும் பார்ப்பார்கள். ஆனால் தனியாக அந்த எண்ணை நம்ப முடியாது. இரத்தச் சர்க்கரையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், விகிதம் 0.4-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா சந்தேகம். சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் 300, தண்டுவட நீரில் 90 என்று வைத்துக்கொள்வோம். 90 பார்க்க நார்மல், விகிதமோ 0.3. அப்புறம், இரத்தச் சர்க்கரை மிக ஏறினால் தொற்று இல்லாமலேயே விகிதம் குறையும். இரத்த மாதிரியைக் கூடவே எடுக்க மறந்தார்களா, கணக்கே போடமுடியாது.

லாக்டேட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரத்த அளவை அது பெரிதாகச் சார்ந்ததில்லை. லிட்டருக்கு 3.5 மில்லிமோலைத் தாண்டினால் பாக்டீரியா பக்கம் சாயலாம். வைரஸில் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். பாக்டீரியாவையும் வைரஸையும் பிரிக்க என் ஓட்டு லாக்டேட்டுக்கே.

சரி, குறை இல்லையா? வலிப்பு, பக்கவாதத்திலும் ஏறும். முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் உயராமலும் இருக்கலாம்; அதனால் குறைவாக வந்தது என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. காசநோய் மூளைக்காய்ச்சலிலோ லாக்டேட் ஏறும், குளுக்கோஸ் இறங்கும். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.