வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற டாக்டர்: எங்கள் பகுதி கிளினிக் பற்றி

காலை 9 முதல் 12 வரை, மாலை 5.30 முதல் 9 வரை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். ஃபீஸ் 150 ரூபாய், ஒரு வாரத்துக்குள் ரிப்போர்ட் காட்டப் போனால் வாங்குவதில்லை. போனில் டோக்கன் தர மாட்டார்கள், நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். திருப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. நானும் என் பையனும் வயிற்று வலிக்கு அங்கே போனதை மட்டும் எழுதுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறேன். ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். காலையில் டீயும் பன்னும்தான். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் வரும், சப்பிச் சாப்பிடுகிற கேஸ் மாத்திரை ஒன்று போட்டால் ஒரு மணி நேரம் அடங்கும். நாலு மாதம் இப்படியே ஓடியது. நடுவில் வேறொரு டாக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார், ஊசியும் போட்டாயிற்று. ஒரு வாரத்தில் திரும்பவும் அதே வலி.

இந்த டாக்டரம்மாவிடமும் “கேஸ்தானுங்க, ஒரு ஊசி போட்டு விடுங்க” என்றுதான் சொன்னேன். அவர் பேனாவையே எடுக்கவில்லை. வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டச் சொன்னார். வெறும் வயிற்றில் அதிகமா, சாப்பிட்ட பிறகா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ஒன்றுமில்லை என்றேன். “கழுத்து வலி, இடுப்பு வலின்னு எதுவுமே இல்லீங்களா?” என்று திரும்பக் கேட்டார். அப்போதுதான் கைப்பையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கழுத்து வலிக்காக மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கி, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சாப்பிட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை அது. அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். இரைப்பையில் ஊறுகிற அமிலம் அதன் சுவரையே அரித்துவிடாமல் ஒரு சளிப்படலம் காக்கிறதாம். வலி மாத்திரை வலியைக் குறைக்கிற அதே வழியில் அந்தக் காப்பையும் குறைத்துவிடும். அப்புறம் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதா என்று கேட்டார். இரண்டு தடவை போயிருந்தது. இதை யார் யாரிடம் போய்ச் சொல்வது? இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். இல்லை என்றதும் உள்ளே ரத்தம் கசிந்து உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்து, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.2தான், ரத்தம் குறைந்துதான் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது, கூடவே எச். பைலோரி என்ற கிருமியும். அந்தக் கிருமியால்தான் புண் வருகிறது என்று சொன்னபோது பெரிய டாக்டர்களே நம்பவில்லையாம். பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் தானே அதைக் குடித்துப் பார்த்தார், 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரிப்போர்ட் காட்டப் போனபோது டாக்டரம்மா சொன்ன கதை இது. 14 நாள் மருந்து, முடிந்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி ஒரு சோதனை. வலி மாத்திரையை அன்றோடு விட்டேன்.

பையன் விஷயம் போன வருஷம். அவனுக்கு அப்போது 13 வயது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி என்றான். ஆறு தோசை சாப்பிடுகிறவன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குடல் ஏற்றமாக இருக்கும், எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் மாமியார். விடியும்போது வலி வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது, இரண்டு முறை வாந்தி, உடம்பும் சுட்டது. பேதிக்குக் கொடுக்கலாம் என்று மாமியார் விளக்கெண்ணெயைக் கரண்டியில் ஊற்றிவிட்டார். வேண்டாம் அத்தை, முதலில் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நானும் அவன் அப்பாவும் வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போனோம்.

“வண்டி குழியில இறங்கினப்ப வலிச்சுதா கண்ணு?” இதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் முனகியது எனக்குத்தான் தெரியும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலி இல்லாத இடது பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். கை வயிற்றில் இருந்தாலும் கண் அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை. தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்புக்கும் நடுவில் கை வந்ததும் அவன் வயிறு பலகை மாதிரி விறைத்தது. இருமச் சொன்னார், இருமும்போதே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு என்னை மட்டும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவன் அப்பா கூட இருக்க, விதைப்பையையும் பார்த்திருக்கிறார். விதை முறுக்கிக்கொண்டாலும் பையன்கள் வெட்கப்பட்டு வயிற்று வலி என்றுதான் சொல்வார்களாம். சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையே போய்விடும். எனக்கு இது அன்றுவரை தெரியாது. பையன் இருக்கிற வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

குடல்வால் வீங்கியிருக்கிறது என்றார். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பேதிக்குக் கொடுக்கவே கூடாது, வெடித்துவிடலாம் என்றார். அவரே 108-க்குப் போன் செய்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. அந்தக் கரண்டி விளக்கெண்ணெயை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. பெஞ்சில் ஆறு பேர்தான் உட்காரலாம், மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் இவ்வளவு கேட்பதால் ஒன்றரை மணி நேரம்கூடக் காத்திருக்கிறோம். ஸ்கேன் கிடையாது. கல்யாணமான பெண்கள் வயிற்று வலி என்று போனால் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார். என்னோடு தைக்கிற ஒரு பெண்ணுக்கு அதில் கோபம். நாள் தள்ளிப்போய் அடிவயிறு ஒரு பக்கமாக வலித்தால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கியிருக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும், அதனால்தான் கேட்கிறார் என்று நான் எடுத்துச் சொன்னேன். மேல்வயிற்றைப் பிசைகிறது, வேர்க்கிறது என்று வந்த சர்க்கரைக்கார பெரியவரை வரிசையில் நிற்க வைக்காமல், மாரடைப்பா என்று பார்க்க முதலில் ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போனார்கள். அவரும் கேஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி கேட்டால் கிடைக்காது, சிலருக்கு இது பெரிய வருத்தம். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நாலு தடவை வயிற்றால் போனதற்கு ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்து, மோர்ச் சோறு சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார். ரத்தம் கலந்து போனால், காய்ச்சல் ஏறினால், வலி ஒரே இடத்தில் நிலைத்தால், வாந்தி நிற்காமல் காற்றும் பிரியாமல் வயிறு உப்பினால் காத்திருக்காதீர்கள், ராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சீட்டின் பின்பக்கம் தமிழிலேயே எழுதித் தருவார்.

திங்கட்கிழமை கூட்டம் தாங்காது, எட்டரைக்கே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும், கழுத்து வலிக்கு வாங்கியது உட்பட, பையில் போட்டுக் கொண்டு போங்கள்.