மரச்செதுக்கு அச்சு: கையொப்பமிட்ட தாளா, இதழோடு வந்த தாளா?

ஜெர்மன் எக்ஸ்பிரஷனிச (கண்ணில் பட்டதைவிட மனம் உணர்ந்ததை முன்னிறுத்திய, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கலைப்போக்கு) நிலக்காட்சி ஒன்றை வாங்கக் காசு சேர்ப்பவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது. இரண்டும் அசல் அச்சுதான், செதுக்கிய மரக்கட்டையில் மை தடவித் தாளில் எடுத்தவை.

விலை: ஓவியர் பென்சிலில் கையொப்பமிட்ட தாள் பல மடங்கு அதிகம். 1919 முதல் 1921 வரை பதிப்பாளர் கூர்ட் வோல்ஃப் வெளியிட்ட ‘கேனியுஸ்’ போன்ற இதழ்களில் வந்த கையொப்பமில்லாத தாள் நடுத்தர வருமானத்துக்கும் எட்டலாம்.

அச்சு: இங்கேதான் என் மனம் கையொப்பமிட்ட தாளின் பக்கம் சாய்கிறது. எக்ஸ்பிரஷனிச ஓவியர் கிர்க்னர் பெரும்பாலும் தானே அச்செடுத்தவர். 1919-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைப்பகுதியில் அவர் செதுக்கிய ‘குளிர்கால நிலவு இரவு’ பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. மையின் தடிப்பில், விட்டுப்போன இடத்தில் அந்தக் கை தெரியும். இதழ்த் தாளில் மை சீராக இருக்கும், உளியின் வேகம் மட்டும் அப்படியே இருக்கும். அதுவும் சின்ன விஷயமில்லை.

போலி: கையொப்பத்தைப் போலியாகப் போட முடியும். ஆகவே படைப்புப் பட்டியல் எண்ணையும் (ஓவியரின் படைப்புகளைத் தொகுத்த நூலில் அந்த அச்சுக்குரிய எண்) கைமாறிய வரலாற்றையும் கேளுங்கள். இதழ்த் தாளை முழு இதழோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

பராமரிப்பு: இரண்டுக்கும் அமிலமற்ற அட்டை, 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மிகாத வெளிச்சம்.

முதல் தாள் வாங்குபவருக்கு இதழ்ப் பிரதி. ஒரே ஒரு தாளோடு வாழ்நாள் முழுக்க இருக்க நினைப்பவர், காத்திருந்து கையொப்பமிட்ட தாளையே வாங்கட்டும்.