சேலத்தில் பழைய வீடு: மெட்ராஸ் டெரஸா, 1990களின் கான்கிரீட்டா?

சேலம் ஊருக்குள் பழைய வீடு தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை வீடு ஒன்று. அழகாபுரம், சூரமங்கலம் பக்கம் 1990களில் எழும்பிய கான்கிரீட் வீடு இன்னொன்று. புரோக்கர் இரண்டையும் 'ஸ்ட்ராங்கான வீடு' என்றுதான் காட்டுவார். டைல்ஸையும் சமையலறை மேடையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அண்ணாந்து பாருங்கள். வயரிங் போனால் மாற்றலாம், பைப் போனால் மாற்றலாம். கூரை போனால் வீட்டுக்குள் படுக்கவே பயம். அதனால் இந்த இரண்டில் எது என்பதைக் கூரையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

மெட்ராஸ் டெரஸில் கம்பியே கிடையாது. தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, கோணவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு. கட்டை நன்றாக இருக்கும்வரை கூரையும் நன்றாக இருக்கும். ஆனால் நடுக்கூடத்தில் வார்னிஷ் அடித்துப் பளபளக்கும் கட்டையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கட்டை இற்றுப்போவது சுவருக்குள் நுழையும் முனையில்தான். மாடிக் கைப்பிடிச் சுவரோரம் விரிசலில் இறங்கும் மழைத்தண்ணீர் அங்கே போய்த் தங்கும். காற்றுப் படாது, காயாது. ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. மெத்தென்று இறங்கினாலோ பொடி கொட்டினாலோ அந்தக் கட்டை போய்விட்டது என்று பொருள். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. ஒரு கட்டை போனால் அந்த ஒரு கட்டையோடு வேலை முடியலாம். முட்டுக் கொடுத்து வேறு கட்டையோ இரும்பு கர்டரோ போட்டுவிடுவார்கள். சிக்கல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்தான். தெரியாதவர் வந்தால் சிமென்ட்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபடும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு உப்பி நிற்பதை இந்தத் தெருக்களில் நிறையப் பார்க்கலாம். ஓதத்தை மறைக்கப் பூசிய பூச்சே ஓதத்தை மேலே ஏற்றிவிடுகிறது.

இனி கான்கிரீட் வீடு. இங்கே நோய் வெளியே தெரிய வருடக்கணக்காகும். ஸ்லாப்பின் அடிக்கம்பிக்குக் கீழே 15 முதல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் ஜல்லித் துண்டைச் சொருகிக் கம்பி கட்டிய வீடுகளில் அந்த மூடல் விரல் நகத்தின் கனம்கூட இருக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அதோடு ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து பத்தை பத்தையாக விழும். துடைப்பக் கட்டையால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. டொப்பென்று கேட்கும் இடத்தில் பூச்சு மட்டும் விட்டிருக்கலாம், உள்ளே கான்கிரீட்டே பிரிந்திருக்கலாம்; அங்கே கொத்திப் பார்க்காமல் விடாதீர்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் தெரிந்தால் இன்னும் கவனம். பாத்ரூம், மாடித் தொட்டி, சன்ஷேடு இவற்றுக்குக் கீழேதான் முதலில் காட்டும். ஒரே ஓர் அறைக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அந்த அறையில் இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டுங்கள்.

கம்பி பரவலாகத் துருப்பிடித்த ஸ்லாப்பைப் பூச்சால் காப்பாற்ற முடியாது. அதனால் என் தீர்ப்பு இது: தட்டினால் எங்கும் கணீரென்று ஒலிக்கும் கான்கிரீட் வீடு கிடைத்தால் அதையே வாங்குங்கள், பராமரிப்பு எளிது. சீலிங்கில் துரு தெரியும் கான்கிரீட் வீட்டுக்கும், கட்டை முனைகள் கெட்டியாக இருக்கும் மெட்ராஸ் டெரஸுக்கும் போட்டி என்றால் நான் மெட்ராஸ் டெரஸ் பக்கம். வங்கிக் கடன் வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கட்டடத்தின் வயதை மதிப்பீட்டுப் பொறியாளர் கணக்கில் எடுப்பார்.

தண்ணீர்க் குழாயில் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கே மதிப்பெண். பிறகு போட்ட குழாய் என்பதால் சுவருக்கு வெளியே ஓடும், ஒழுகினால் தெரியும். 1990களின் வீட்டில் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சுவருக்குள் புதைந்திருக்கும். போர் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து உள்ளே அடைத்து, குழாயைத் திறந்தால் நூலாக வரும்.

மின்சாரத்தில் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மரப்பட்டி மேல் ஓடும் பழைய வயரிங் மிச்சமிருந்தால் முழுதும் மாற்றத்தான் வேண்டும். கான்கிரீட் வீட்டிலும் பீங்கான் பியூஸ்தான் இருக்கிறதா, எர்த் கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முன்பு விசைத்தறியோ கொலுசுப் பட்டறையோ ஓடியதா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். சேலத்தில் இது சாதாரணம். ஓடியிருந்தால் வயர்கள் சூடேறி இறுகியிருக்கலாம். தறி அதிர்வில் சுவர் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸில் இன்னொன்று, பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கம் இடித்தால் உங்கள் உத்திரம் எதன் மேல் நிற்கும்? பத்திரத்தில் அந்தச் சுவர் யாருடையது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் போங்கள்.

ஏற்காட்டில் வாங்குபவர்களுக்கு இந்தப் போட்டியே பொருந்தாது. 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் பனிமூட்டமும் தட்டைக் கூரையைக் காயவிடாது. அங்கே சரிவான ஓட்டுக் கூரையே மேல். கூரையைப் பார்த்ததும் வீட்டின் பின்னால் போய், மேட்டைத் தாங்கும் கல்சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, சுவர் வீட்டுப் பக்கம் வயிறு தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். தள்ளியிருந்தால் அந்த வீட்டுக்கு விலை பேச வேண்டாம்.