ஏயூனிட்டா, யூனிட்டியா: காத்திருக்கும் கோட் (code), அதை எதில் சோதிப்பது?

அர்டுயினோ வகை மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளுக்கு டிலே (எல்லாவற்றையும் நிறுத்திக் காத்திருக்கும் கட்டளை) போடாமல் ஸ்டேட் மெஷினாக, அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகரும்படி எழுதிய கோட்-ஐச் சோதிக்க, பெரும்பாலும் போட்டியில் நிற்பவை இரண்டு சின்ன லைப்ரரிகள்: யூனிட்டி, ஏயூனிட். இரண்டும் இலவசம். 32 கேபி ஃப்ளாஷ் கொண்ட ஊனோவிலும் அடங்கும். எதிர்பார்த்த மதிப்பு வந்ததா என்று பார்க்கும் அசர்ட் மேக்ரோக்களுக்கும் பஞ்சமில்லை. முடிவு செய்ய வேண்டியது ஒன்றைத்தான்: சோதனை ஓடும்போது லூப் (போர்டு ஓயாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபங்ஷன்) யார் கையில் இருக்கிறது? அதை வைத்தே என் ஓட்டு ஏயூனிட்டுக்கு.

யூனிட்டியில் ஒரு சோதனை தொடங்கினால் முடிந்த பிறகுதான் திரும்பும். 200 மில்லிநொடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும் மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு தொடர்பு முறை) டிரைவரைச் சோதிக்க, சோதனைக்குள்ளேயே ஒரு வைல் லூப் போட்டு டிரைவரை நாமே சுழற்ற வேண்டும். கெடு வைக்க மறந்தால் போர்டு அங்கேயே நின்றுவிடும். இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் என்றால் தொல்லை கூடுதல். பின்னணி வேலைகளுக்கு இடம்விடும் யீல்டைக் கூப்பிடாமல் சுமார் 3 நொடி சுற்றினால், கோட் சிக்கிக்கொண்டதா என்று கண்காணிக்கும் சாஃப்ட் வாட்ச்டாக் போர்டை ரீசெட் செய்துவிடும். மீதிச் சோதனைகளின் முடிவு வராமலே போகும்.

ஏயூனிட்டில் 'டெஸ்டிங்' என்றொரு மேக்ரோ உண்டு. பாஸ், ஃபெயில், ஸ்கிப் என ஏதாவதொன்றை நாம் சொல்லும்வரை லூப் சுற்றச் சுற்ற அது திரும்பத் திரும்ப ஓடும். லூப்புக்குள் டெஸ்ட் ரன்னரைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே டிரைவரையும் கூப்பிட்டால் போதும். ஃபர்ம்வேரில் கோட் எப்படி ஓடுமோ அப்படியே இங்கும் ஓடும். பாஸ் சொல்ல மறந்தாலும் 10 நொடியில் 'எக்ஸ்பயர்டு' என்று அறிவித்துவிடும். இந்தக் கெடுவை மாற்றலாம், ஆனால் சோதனைக்குச் சோதனை தனியாக வைக்க முடியாது.

இதிலும் பள்ளங்கள் உண்டு. முடியாத டெஸ்டிங் ஒன்று இருக்கும்போதே ரன்னர் அடுத்ததற்குப் போய்விடும். இரண்டு சோதனைகள் ஒரே யுஏஆர்டியை (சீரியல் போர்ட்டை) தொட்டால் ஒன்றின் பதிலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். இரண்டாவதன் தலையில் 'செக் டெஸ்ட் டன்' வைத்து, முதலாவது முடியாவிட்டால் உடனே ரிட்டர்ன் செய்யுங்கள். சாதாரண உள் மாறிகள் ஒவ்வொரு சுற்றிலும் அழிந்துபோகும். அவற்றை ஸ்டாடிக் ஆக்குங்கள், அல்லது 'டெஸ்ட் அகெய்ன்' கிளாஸில் வையுங்கள்.

ஏயூனிட் அசர்ட் தோற்றால் நடப்பது வெறும் ரிட்டர்ன். அதனால் துணை ஃபங்ஷனுக்குள் தோற்றால் சோதனை நிற்காமல் மேலே ஓடும். யூனிட்டி வழக்கமாக லாங்ஜம்ப்பால் (ஃபங்ஷன்களைத் தாண்டி முன்பு குறித்த இடத்துக்குத் தாவும் சி வசதி) நேரே வெளியே வந்துவிடும். இது அதன் பலம். ஆனால் இன்னொரு டாஸ்க்கில் அந்த அசர்ட் தோற்றால், தாவுவது வேறொரு ஸ்டாக்குக்கு; இன்டரப்டுக்குள் தோற்றால், இன்டரப்டை முறையாக முடிக்காமலே தாவிவிடும். கிராஷ் ஆகலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த லைப்ரரியானாலும் இப்படி வேறிடத்திலிருந்து கூப்பிடப்படும் கால்பேக்கில் ஒரு ஃபிளாகை மட்டும் உயர்த்திவிட்டு, அசர்ட்டை வெளியே செய்யுங்கள்.

அர்டுயினோ இல்லாத சுத்த சி கோட், எஸ்டிஎம்32 சிப், சிமாக் என்ற கருவி வைத்துப் போலி ஃபங்ஷன்கள் தேவைப்படும் வேலை என்றால் தயங்காமல் யூனிட்டி. நான் ஏயூனிட்டுக்குச் சாய்வது ஒற்றை லூப்பில் ஓடும் கோடுக்கு மட்டுமே. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன ஓஎஸ்ஸில் டாஸ்க்குகள் பல ஓடும் இடத்துக்கு இதே தீர்ப்பை நீட்ட மாட்டேன்.

எதை எடுத்தாலும் டிரைவர் மில்லிஸை (போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிநொடிகளைச் சொல்லும் ஃபங்ஷனை) நேரடியாகக் கூப்பிடக் கூடாது. நேரம் சொல்லும் ஃபங்ஷனை வெளியிலிருந்து கொடுங்கள். போலிக் கடிகாரத்தை, 32 பிட் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவதற்குச் சற்று முன்பான 4,294,967,200-ல் வைத்து 200 மில்லிநொடி கெடுவைத் தொடங்கிப் பாருங்கள். தொடக்கத்தோடு 200-ஐக் கூட்டி ஒப்பிடும் கோடில் கெடு 104 ஆகச் சுருண்டு, அந்தக் கணமே டைம்அவுட் அடிக்கும். நிஜ போர்டில் இதைக் காண 49 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.